கட்டுச்சோற்றை இழிவென்றவர் யார்?

பள்ளிக்குப் புறப்படும் தமிழ்ப்பிள்ளையின் பையைத் திறந்து பார்த்தால், இற்றைத் தமிழ்க்குடும்பத்தின் நிலை முழுவதும் அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். பொத்தகங்களுக்குக் கீழே வண்ணப்பெட்டி ஒன்று. பெட்டிக்குள், எங்கோ ஓர் ஆலையில் மைதா மாவால் செய்து, பளபளக்கும் உறையில் பொதிந்து, விளம்பரத்தால் விற்கப்பெற்ற ஏதோ ஒன்று. அப்பிள்ளையின் தந்தை பணிமனையில் உண்பது வேறு. தாய் உண்பதோ இவ்விருவரும் விட்டுவைத்த மிச்சில். ஒரே கூரையின்கீழ் மூவர். மூவர்க்கும் மூன்று உணவு! இதனை வளர்ச்சி என்கின்றனர் சிலர். வளர்ச்சியன்று இது, ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வோராகக் கூறுபோட்டு, மூவரிடமும் தனித்தனியே காசு பறிக்க வணிகன் செய்த சூழ்ச்சி.

தமிழர் அடுக்களையில் பிள்ளைக்கென ஓர் உலையும் பெரியவர்க்கென ஓர் உலையும் கொதித்ததில்லை. பால்குடி மறந்த குழந்தைக்குக் குழையப் பிசைந்து ஊட்டியதும், ஏர் பூட்டிச் சென்றவனுக்கு வரப்பிற்கு எடுத்துச் சென்றதும், பல்போன பாட்டன் மென்று விழுங்கியதும் ஒரே பானைச் சோறே. அச்சோற்றைப் புளியிலோ தயிரிலோ கலந்து, வாட்டிய வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டினால் அதுவே கட்டுச்சோறு. சிறுவனும் கிழவனும் ஒரே பொதியை அவிழ்த்து, ஒரே சுவையை உண்டு மகிழ்ந்தனர். அந்த ஒற்றுமையைத்தான் இன்று காசுக்கு விற்றுக் கொண்டிருக்கின்றனர் தமிழர்.

சொல்லை இழந்தவன் சோற்றையும் இழந்தான்

வழிச்செல்வார் கையில் கொண்டுசெல்லும் உணவுக்குத் தமிழில் ‘ஆற்றுணா’ என்றொரு சொல் உண்டு. ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடே ஆகலின், அவன் செல்லும் வழிக்கு ஆற்றுணாவும் வேண்டுவதில்லை என்று கல்வியின் பெருமையைக் காட்டுதற்குப் பழமொழி நானூறு இந்தக் கட்டுச்சோற்றையே எடுத்தாள்கின்றது. இற்றைக் கற்றவனோ ஆற்றுணாவை விட்டான். அச்சொல்லையும் உடன் விட்டான்.

சோற்றுக்கு மட்டும் அடிசில், அயினி, சொன்றி, புழுக்கல், பொம்மல், மிதவை, மூரல், வல்சி என்று எத்தனை எத்தனை பெயர்கள்! குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், புதுமணப்பெண் ஒருத்தி தன் மெல்விரலால் தயிர் பிசைந்து, தாளித்து ஆக்கிய புளிப்புக் குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்ந்ததைக் கூடலூர் கிழார் காட்டுகின்றார். தயிரும் புளிப்பும் தாளிப்பும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் நாவறிந்த சுவைகள். அவற்றை எவரும் அயலிலிருந்து கொண்டுவந்து கற்பிக்கவில்லை.

இத்தகைய மொழிக்குரியவன் வீட்டில் இன்று ‘சோறு’ என்னும் சொல்லே இழிசொல் ஆகிவிட்டது. ‘சோறு போடு’ என்றால் நாகரிகமற்றவனாம். ‘சாதம் வை’ என்றால் நாகரிகனாம்! ‘சாதம்’ என்பது எது? கோயிலில் படைத்து வழங்கும் ‘பிரசாதம்’ என்னும் வடசொல்லின் தலை துணித்த முண்டமே அது. புளிச்சோறு என்னும் தெளிந்த பெயர் இருக்க, ‘ஓதனம்’ என்னும் வடசொல்லைப் புளியோடு ஒட்டிப் புளியோதனம் ஆக்கினர். அதுவும் சிதைந்து புளியோதரை ஆயிற்று. கலவைச்சோறு ‘சித்திரான்னம்’ ஆயிற்று. இவ்வளவோடு நின்றதா? எலுமிச்சைச் சோறு ‘இலெமன் ரைசு’ ஆயிற்று. தயிர்ச்சோறு ‘கர்டு ரைசு’ ஆயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து ‘வெரைட்டி ரைசு’ என்று பலகை எழுதித் தெருவோரக் கடைகளிலும் தொங்கவிட்டனர். சோறு சாதமாகி, சாதம் ரைசாகி, ரைசும் பழையதென்று தள்ளப்பட்டு, அவ்விடத்தில் நூடுல்சு வந்து அமர்ந்தது. படிகளை எண்ணிப் பாருங்கள்! முதற்படியில் பெயர் போயிற்று. கடைசிப் படியில் பொருளே போயிற்று.

பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பவர் உண்டு. பெயரில்தான் எல்லாம் இருக்கின்றது. தன் வீட்டுச் சோற்றைச் சோறென்று சொல்லக் கூசும் பிள்ளை, நாளை தன் தாயைத் தாயென்று சொல்லவும் கூசும். நாவில் தொடங்கும் நாணம் நாவோடு நிற்பதில்லை.

நாணத்தைக் கற்பித்தவர்கள்

பள்ளியின் நண்பகல் மணி அடிக்கின்றது. பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பெட்டிகளைத் திறக்கின்றனர். ஒருவன் பெட்டியில் கேழ்வரகு அடை. மற்றொருத்தி பெட்டியில் கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோறு. உடனிருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகின்றனர். அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளை, ‘இனி எனக்கு இது வேண்டா’ என்கின்றது. தாய் அப்பிள்ளையைத் தேற்றுவதற்கு மாறாக மறுநாளே கடைக்குச் சென்று பளபளக்கும் பொதியை வாங்கி வருகின்றாள். ஒரு மூக்குச் சுளிப்பில் ஓரினத்தின் உணவு தோற்றுப்போகின்றது!

அப்பிள்ளைகள்மேல் குற்றமில்லை. மூக்கைப் பொத்தச் சொல்லிக் கொடுத்தவர் வேறு. இன்ன கிழமையில் இன்னதுதான் கொண்டுவரல் வேண்டும் என்று பட்டியல் அனுப்பும் பள்ளிகள் உள. புலால் உணவு உள்ளே வரலாகாது என்று தடுக்கும் பள்ளிகளும் உள. மீனும் முட்டையும் உண்டு வளர்ந்த மீனவன் பிள்ளைக்கும் உழவன் பிள்ளைக்கும், ‘உன் வீட்டு உணவு தீட்டு’ என்று எழுதாமல் எழுதிக் காட்டும் தாளன்றோ அது? கல்விக் கட்டணத்தை மட்டும் தீட்டில்லாமல் வாங்கிக்கொள்ளும் அவர்கள், பிள்ளையின் சோற்றுப்பெட்டியில் கைவைப்பதற்கு எவ்வுரிமை உடையர்? பெற்றோர் ஒருவரேனும் எழுந்து கேட்டதுண்டா?

இதே தமிழ்நாடு, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நெடுநாளைக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்ட நாடு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920ஆம் ஆண்டில், நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதனை நாடளாவிய திட்டமாக்கினார். 1982 சூலை முதல் நாள் ம.கோ. இராமச்சந்திரன் அதனை மேலும் விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஏழைப்பிள்ளை பள்ளியில் சோறுண்டு படித்து முன்னேறுகின்றது. வாய்ப்புள்ளவன் பிள்ளையோ காசு கொடுத்து மைதாவை உண்டு நோயை வாங்குகின்றது. எவன் அறிவுடையவன்?

வணிகன் பிரித்த பந்தி

சிறுவர்க்கெனத் தனியுணவு வேண்டும் என்னும் எண்ணம் தாயின் உள்ளத்தில் பிறந்ததன்று, விளம்பரத்தில் பிறந்தது. 1980களில் மணித்துளி இரண்டில் ஆகிவிடும் என்னும் முழக்கத்தோடு உடனடி நூடுல்சு அடுக்களைக்குள் நுழைந்தது. தொலைக்காட்சி அதனைத் தோளில் தூக்கிவந்தது. அடுப்படியில் நிற்கும் தாயின் காதில், ‘உன் சமையலை உன் பிள்ளை விரும்பாது, எங்கள் பொதியையே விரும்பும்’ என்று நாள்தோறும் ஓதினர். ஓதியதை அவள் நம்பினாள். ஒரு தாய்க்கு இதனினும் பெரிய இழிவுரை உண்டா?

2015 சூன் திங்களில் அவ்வகை உடனடி உணவொன்றை நாடெங்கும் கடைகளிலிருந்து திரும்பப் பெறுமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. ஆகத்துத் திங்களில் மும்பை உயர்நயன்மன்றம் அவ்வாணையை நீக்கியது. நவம்பரில் அது மீண்டும் கடைக்கு வந்தது. வழக்கின் வெற்றி தோல்வி இங்கு வினாவன்று. அஃதில்லாத அத்திங்கள்களில் பிள்ளைகள் பட்டினியா கிடந்தனர்? இட்டலியும் சோறும் அடையும் உண்டன்றோ பள்ளிக்குச் சென்றனர்? அஃதின்றி வாழ முடியும் என்பதை நாடு முழுதும் கண்கூடாகக் கண்டது. கண்ட பின்னரும் அது திரும்பி வந்த அன்றே கடைமுன் வரிசையில் நின்றவர்களை என்னென்பது!

பொதியில் அடங்கியது எது என்பதையேனும் அறிதல் வேண்டும். மைதா என்பது உமிநீக்கி, தவிடுநீக்கி, முளைநீக்கி, கோதுமையின் ஊட்டமெல்லாம் கழித்த வெறும் வெண்மாவு. உப்போ அளவு மிக்கது. வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைக்கு அதனினும் குறைவே வேண்டும். அவ்வளவில் பெரும்பகுதியை ஒருவேளைப் பொதியே தந்துவிடுமாயின், எஞ்சிய வேளைகட்கு என் செய்வது? மறுபக்கம், ஏழையுணவு என்று எள்ளப்பட்ட கேழ்வரகை நோக்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்பு ஊட்டம் உள்ளது. வளரும் பிள்ளையின் எலும்புக்கும் தளரும் பாட்டியின் எலும்புக்கும் ஒருங்கே ஏற்றது அது. 2023ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை சிறுகூல ஆண்டாக அறிவித்த பின்னர்தான் தமிழன் கேழ்வரகைத் திரும்பிப் பார்த்தான். அதுவும் அதே வணிகன் அதனை மாச்சிலாக்கி, உறையிட்டு, நான்கு மடங்கு விலையேற்றிக் கொடுத்த பின்னர்!

எளிதே செய்யத்தக்கது

‘காலையில் நேரமில்லை, பிள்ளை உண்ண மறுக்கின்றது, சோறு கெட்டுப்போகின்றது’ என்னும் மூன்றுமே கட்டுச்சோற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் சாக்குகள். மூன்றும் பொருந்தாமை வெளிப்படை.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாழிகை அடுப்படியில் நின்று புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்தால், கிழமை முழுதும் அது கைகொடுக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை நல்லெண்ணெயில் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியையும் மஞ்சளையும் உப்பையும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காய்ச்சுதல் வேண்டும். வறுத்த எள்ளும் வெந்தயமும் பொடித்துத் தூவி, இறக்கும்போது சிறிது வெல்லம் சேர்த்தால், காரம் பொறாத பிள்ளையும் விரும்பி உண்ணும். ஈரக்கரண்டி படாமல் காத்தால் அது கெடுவதில்லை. காலையில் செய்வதற்கு எஞ்சியது சோற்றை ஆற்றிக் கலப்பதும், ஒரு கை வறுத்த நிலக்கடலையைச் சேர்ப்பதுமே. அதற்கு ஆகும் நேரம் நூடுல்சுக்கு நீர் கொதிக்கும் நேரத்தினும் மிகுதியன்று.

ஒருநாள் புளிச்சோறு என்றால் மறுநாள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டலி. தடவி வைத்த இட்டலி நண்பகல்வரை உலராது. சட்டினியைப் போல் ஊசிப்போகும் ஏமாற்றமும் இல்லை. அதற்கு மறுநாள் முருங்கைக்கீரையும் சிறுவெங்காயமும் அரிந்து சேர்த்துத் தட்டிய கேழ்வரகு அடை. உடன் ஒரு துண்டு வெல்லம். பின்னொருநாள் எலுமிச்சைச் சோறும் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும். கொதிக்கும் தாளிப்பில் பிழிந்தால் கைக்கும். புளிப்பேறிய சோற்றை ஈயக்கலத்திலோ அலுமினியக் கலத்திலோ அடைக்கலாகாது. துருவேறா எஃகுக் கலமே தக்கது. ஐந்தாம் நாள் தயிர்ச்சோறு. முட்டையும் மீனும் உண்போர் அவித்த முட்டையையோ வறுத்த நெத்திலியையோ உடன் வைக்கலாம். அதற்கு எவனிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. இடைவேளைக்குக் கடலையுருண்டை, எள்ளுருண்டை, அவித்த சருக்கரைவள்ளி, தைத்திங்களில் பனங்கிழங்கு. இவற்றுள் எது சிறுவர்க்கு மட்டும் உரியது? எது பெரியவர்க்கு மட்டும் உரியது? காரத்தைச் சற்றே கூட்டுவதும் குறைப்பதும் தவிர, தந்தையின் கலத்திற்கும் பிள்ளையின் கலத்திற்கும் வேறுபாடே வேண்டா.

கெட்டுப்போகும் என்பதையும் ஆராய்க. சோற்றைச் சூடாகவே அள்ளி அடைத்து மூடினால் கெடத்தான் செய்யும். சோறு கொதித்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பில் நெடுநேரம் இருக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி வயிற்றைக் கெடுக்கும். இதனைத் தமிழ்ப்பாட்டி நுண்ணோக்கியில் பார்த்துக் கற்கவில்லை. ஆயினும் வடித்த சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, எண்ணெய் தடவி, விரைந்து ஆறவிட்ட பின்னரே கலந்தாள். புளியின் புளிப்பும், உப்பும், மஞ்சளும் அந்நுண்ணுயிரை ஒடுக்கும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தாள். ஆகலின் நெடுவழிக்குப் புளிச்சோற்றையே கட்டினாள். தயிர்ச்சோறு நண்பகலில் புளித்துப்போகாதிருக்கக் குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிரை மட்டும் கலந்தாள். உண்ணும் நேரத்தில் பால் தயிராகிப் பதமாக இருந்தது. வாழையிலையை அனலில் வாட்டினாள். இலை கிழியாமல் மடங்கிற்று. இவை அத்தனையும் அறிவியலே. வெள்ளையுடை அணிந்து ஆங்கிலத்தில் சொன்னால்தான் அறிவியல் என்று எண்ணுவது அடிமை மனப்பான்மை.

இலைப்பொதியை இகழ்ந்து நெகிழிப்பைக்கு மாறியவர்களை அரசே தடுக்க வேண்டியதாயிற்று. 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை எறியும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. வாழையிலைக்கும் பாக்குமட்டைக்கும் மந்தாரை இலைக்கும் எந்நாளும் தடை வந்ததில்லை. மாடு தின்றாலும் கேடில்லை. மண் தின்றாலும் எருவாகும்.

பிள்ளை மறுப்பது எதனை?

எஞ்சியது பிள்ளையின் மறுப்பு. பிள்ளை சோற்றை மறுக்கவில்லை. தனித்து உண்பதை மறுக்கின்றது. தந்தை பணிமனை உணவகத்தில் வேறொன்றை உண்டு, பிள்ளைக்கு மட்டும் அடையைக் கட்டிக் கொடுத்தால், ‘இது நல்லதாயின் அப்பா ஏன் உண்பதில்லை?’ என்று அது எண்ணாதா? ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரைக்குச் செல்லுங்கள். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குகளில் நிரப்பிச் சென்று, பாட்டனும் பேரனும் ஒரே மணலில் அமர்ந்து உண்ணும் காட்சியை அங்குக் காணலாம். வீட்டில் ‘வேண்டா’ என்ற பிள்ளையே அங்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை நீட்டும். சோறு மாறவில்லை, உடனிருந்து உண்பார் வந்தனர், அவ்வளவே. கொங்கு நாட்டில் கருவுற்ற மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துவரப் பெற்றோர் பலவகைச் சோறு ஆக்கிக்கொண்டு செல்லும் விருந்திற்குக் கட்டுச்சோற்று விருந்து என்றே பெயர். அன்பின் அடையாளமாகத் தமிழர் எடுத்துச் சென்றது பொன்னன்று, சோறு!

இன்னொன்றும் உரைத்தல் வேண்டும். கட்டுச்சோறு கட்டுவது பெண்ணுக்கு மட்டுமே விதிக்கப்பட்ட கடமையன்று. அவள் விடியலில் எழுந்து மூன்று கலங்களை நிரப்பிவிட்டு, தானும் பணிக்கு ஓட, ஆடவன் நாளிதழில் முகம் புதைத்துக்கொண்டு, ‘நம் மரபு உணவு போயிற்றே’ என்று வாய்ப்பறை சாற்றுவானாயின், அவனைவிட அந்த நூடுல்சு வணிகனே மேல்! அவனேனும் அவள் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தினான். மரபைக் காக்கப் புறப்படும் ஆடவன் முதலில் புளி கரைக்கட்டும், வெங்காயம் அரியட்டும், இலை வாட்டட்டும். கை நனையாத மானம் மானமன்று.

தமிழர்களே! நாளைக் காலை ஒரே பானையில் சோறு வடியுங்கள். ஆறவைத்துக் கலந்து, பிள்ளைக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றேபோல் கட்டுங்கள். பள்ளி தடுத்தால், ஒருவராகச் சென்று கெஞ்சாதீர்கள். பெற்றோர் பலராகச் சென்று காரணம் கேளுங்கள். பெட்டியில் இருப்பது என்ன என்று எவரேனும் வினவினால், ‘சோறு’ என்று உரத்துச் சொல்லப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். சோற்றை இழிவென்றவன் எவனும் தமிழனுக்குச் சோறிட்டவன் அல்லன்.